தஞ்சாவூரில் தனியாக ஒரு நாள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் தஞ்சாவூரைப் பற்றியவை. அதனால் மற்ற ஊர்களை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

எனக்கு 54 வயது. பள்ளி ஆசிரியை. இதுவரை எங்கும் தனியாகப் போனதில்லை. அடுத்த மாதம் திருவாரூரில் தங்கை மகள் கல்யாணம். திரும்பும் வழியில் ஒரு நாள் தஞ்சாவூரில் இறங்கிப் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு இரவு ரயில் ஏற ஆசை. ‘தனியாக எதற்கு?’ என்று வீட்டில் கேட்கிறார்கள். போகலாமா? ஒரு நாளை எப்படிப் பிரித்துக்கொள்வது?
– வாசகி, கோயம்புத்தூர்

போய் வாருங்கள். கல்யாண அலைச்சலுக்கு அப்புறம் ஒரு நாளை உங்களுக்கென்று எடுத்துக்கொள்வது ரொம்ப நல்ல யோசனை.

நான் திருச்சிக்காரி, தபால் துறையில் இருந்தவள். 2011-இல், 47 வயதில், முதன்முதலாகத் தனியாகப் போன ஊர் தஞ்சாவூர்தான். பக்கத்து ஊர், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். ஆனாலும் அன்றைக்கு மத்தியானத்துக்குள் வீட்டிலிருந்து நாலு தடவை போன் வந்துவிட்டது. அதற்கு முன்பு பெரிய கோயிலுக்குப் பத்து முறையாவது போயிருப்பேன். எல்லாமே சொந்தக்காரர்களோடு வேனில் போனவை. யாருக்காவது கால் வலிக்கும், குழந்தை பசிக்கு அழும், அடுத்து புன்னைநல்லூர் போகணுமே என்று ஒருவர் கடிகாரத்தைக் காட்டுவார். தனியாகப் போன அன்றுதான் அந்தக் கோயிலை உட்கார்ந்து பார்த்தேன். தனியாகப் போகிறவருக்குக் கிடைக்கிற பெரிய வசதி அதுதான். ஒரு சிலைக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றாலும் ‘கிளம்பலாமா?’ என்று கேட்க ஆள் கிடையாது. அந்த வசதியை வைத்தே நாளை அமைத்துக்கொள்ளுங்கள். கோயில், அரண்மனை, கடை. இந்த மூன்றே போதும்.

இன்னொன்று. காலையில் எதையும் வாங்க வேண்டாம். சுமை ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் வேறு. நாள் முழுக்கப் பார்த்த பிறகு கடைக்குப் போனால், எது உங்கள் மனதில் தங்கியிருக்கிறதோ அதைத்தான் கை எடுக்கும். இறங்கியவுடன் வாங்கினால் கடைக்காரர் எடுத்துக் காட்டுவதுதான் பைக்குள் போகும்.

கல்யாணம் முடிந்த அன்று சாயங்காலமே தஞ்சாவூர் வந்து தங்கிவிடுங்கள். ரயில் நிலையத்தை ஒட்டிக் காந்திஜி சாலைப் பக்கம் விடுதிகள் நிறைய உண்டு. முன்கூட்டியே போன் செய்து, ஒருவர், பெண், இரவு ரயில் வரை அறை வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்பதை அப்போதே கேட்டுவிட்டால் மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்காது. ஆதார் அட்டை கையில் இருக்கட்டும்.

காலை 6 மணிக்குக் கோயில் திறந்துவிடும். ஆறரைக்குள் அங்கே இருங்கள். பகல் 12.30-க்கு நடை சாத்தினால் மறுபடி 4 மணிக்குத்தான். வெயில் ஏறிவிட்டால் அந்தக் கருங்கல் தரையில் வெறுங்காலோடு பத்தடி வைக்க முடியாது. பலபேர் பதினோரு மணிக்கு வந்து, நிழலிலிருந்து நிழலுக்கு ஓடிவிட்டு, கோயிலைப் பார்த்துவிட்டதாக ஊர் திரும்புகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

உள்ளே போகும்போது இரண்டு வாசல்களைக் கடப்பீர்கள். முதலாவது கேரளாந்தகன் திருவாசல், இரண்டாவது ராஜராஜன் திருவாசல். இரண்டாவதில் நிதானமாக நில்லுங்கள். இரண்டு பக்கமும் பிரம்மாண்டமான துவாரபாலகர்கள். அவர்களின் காலடியைப் பாருங்கள். ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். யானையையே விழுங்கும் பாம்பு எத்தனை பெரியதாக இருக்க வேண்டும், அந்தப் பாம்பே காலடியில் கிடக்கிறதென்றால் இந்தக் காவல்காரர் எத்தனை பெரியவர், அவரே வாசலில்தான் நிற்கிறார் என்றால் உள்ளே இருப்பவர்? அந்தச் சிற்பி ஒரு சொல்கூட எழுதாமல் இதையெல்லாம் நம்மைக் கணக்குப் போட வைத்திருக்கிறார்.

அதைத் தாண்டினால் நந்தி, அப்புறம் 216 அடி விமானம். 1010-இல் முடிந்த வேலை. சுற்றிலும் வயல்தான், கருங்கல் மலை எதுவும் பக்கத்தில் கிடையாது. அத்தனை கல்லும் வெளியிலிருந்து வந்தது. தரிசனத்தை முடித்துக்கொண்டு, மேற்குப் பக்கம், மதிலை ஒட்டி ஓடும் தூண் மண்டபமான திருச்சுற்று மாளிகையில் போய் உட்காருங்கள். காலையில் விமானத்தின் நிழல் அந்தப் பக்கம்தான் விழும். குளிர்ச்சியாக இருக்கும், கூட்டமும் இருக்காது.

நீங்கள் ஆசிரியை என்பதால் இதைச் சொல்கிறேன். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி வரிவரியாகக் கல்வெட்டு ஓடுகிறது. அதில் ராஜராஜன், நாம் கொடுத்தவை, அக்கன் கொடுத்தவை, நம் பெண்டுகள் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லிலே வெட்டச் சொல்கிறான். அக்கன் என்பது அவனுடைய அக்கா குந்தவை. தனக்கு அடுத்த இடத்தில் அக்காவை வைக்கிறான். இன்னொரு கல்வெட்டில் ஆடல் மகளிர் 400 பேரின் பெயர் இருக்கிறது. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், தளிச்சேரித் தெருவில் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு என்று ஒவ்வொருவருக்கும் முகவரி. தபால் துறையில் 30 வருஷம் முகவரி படித்த எனக்கு, ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய வீட்டு எண்ணைக் கேள்விப்பட்ட அன்று உடம்பு சிலிர்த்துவிட்டது. எழுத்து பழைய தமிழ். முழுதாகப் படிக்க வராது. ஆனால் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் ‘ன’வும் ‘ட’வும் ‘ப’வும் தெரிய ஆரம்பிக்கும். நான் முதல் நாள் ஏழெட்டு எழுத்தைப் பிடித்தேன்.

எட்டரைக்கு வெளியே வந்து டிபன் சாப்பிடுங்கள். ஆட்டோவில் அரண்மனை பத்து நிமிஷம்தான். ஏறும் முன்பே கூலியைப் பேசிவிடுங்கள். நாயக்கர்கள் கட்டி, மராட்டியர்கள் இருந்த அரண்மனை. உள்ளே பகுதி பகுதியாகத் தனித்தனிச் சீட்டு இருக்கும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் சரபோஜி வளர்த்த சரஸ்வதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடம் அங்கேதான். ஓலைச்சுவடிகளைக் கண்ணாடிக்குள் பார்க்கலாம். அதற்கு அரை மணி நேரம் போதும். மிச்ச நேரம் முழுவதும் கலைக்கூடத்துச் செப்புத் திருமேனிகளுக்கு.

அங்கே ரிஷபவாகனர் இருக்கிறார். திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தவர். 1011-இல் செய்தது. சிவன் ஒரு காலை ஊன்றி, மற்றதை மடக்கி, ஒரு கையை நந்தியின்மேல் சாய்த்து நிற்கிறார். ஆனால் நந்தி இல்லை, அது கிடைக்கவில்லை. காளை இருந்த இடம் வெறும் காற்று. அந்தக் கையோ இன்னமும் காளையின் முதுகில் அத்தனை ஓய்வாகத் தங்கியிருக்கிறது. விரல்களைப் பாருங்கள். துளி விறைப்பு கிடையாது. சடைமுடியைத் தலைப்பாகை மாதிரி சுற்றியிருக்கிறார், அதில் பாம்பு நெளிகிறது. பக்கவாட்டில் போய் முதுகையும் பாருங்கள். பின்பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிடவில்லை. நான் அன்று அவர் முன்னால் நாற்பது நிமிஷம் இருந்தேன். வேனில் வந்த காலத்தில் இந்தக் கூடத்தையே பத்து நிமிஷத்தில் கடந்திருக்கிறோம்.

பகலில் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய்ப் படுங்கள். இதைக் கட்டாயம் செய்யுங்கள். தஞ்சாவூர் வெயிலில் ஒன்றிலிருந்து மூன்று வரை சுற்றினால் சாயங்காலம் எதையும் ரசிக்க முடியாது. மூன்றரைக்கு மேல் கடை. என்ன வாங்குவது என்பதைக் கீழே அடுத்த இரண்டு பதில்களில் விரிவாகச் சொல்லியிருக்கிறேன். ஐந்தரைக்கு, வாங்கியதை அறையில் வைத்துவிட்டு, மறுபடி பெரிய கோயிலுக்கு வாருங்கள். ஒரே நாளில் இரண்டாவது முறையா என்று நினைக்காதீர்கள். காலையில் பார்த்த கல் வேறு, சாயங்கால வெயிலில் பார்க்கிற கல் வேறு. மஞ்சளும் சிவப்புமாக அது நிறம் மாறுவதைப் புல்தரையில் உட்கார்ந்து பார்க்கலாம். அந்த நேரத்தில் உள்ளூர்க் குடும்பங்கள் குழந்தைகளோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். தனியாக இருப்பது போலவே தோன்றாது.

தேதி முடிவு செய்யும் முன் காலண்டரில் பிரதோஷம் என்றைக்கு என்று பாருங்கள். அன்று சாயங்காலம் பெரிய நந்திக்கு அபிஷேகம் நடக்கும். பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் கூட்டம் அலைமோதும். அமைதியாகப் பார்க்க நினைத்தால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

மன்னார்குடியிலிருந்து கோவை போகிற செம்மொழி எக்ஸ்பிரஸ் இரவில் தஞ்சாவூர் வழியாகத்தான் போகிறது. விடிந்தால் உங்கள் ஊர். டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடுங்கள். வீட்டில் கேட்பவர்களிடம் விடுதியின் பெயரையும் ரயில் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். கையில் ஒரு தாள் இருந்தால் அவர்களுக்குப் பாதிக் கவலை குறைந்துவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் நாலு போன் ஒரு போன் ஆனது.

பேத்திக்குத் தலையாட்டி பொம்மை வாங்க வேண்டும். போன முறை வாங்கியது ஒரு மாதத்தில் சாய்ந்து படுத்துவிட்டது. எப்படிப் பார்த்து வாங்குவது? ரயிலில் உடையாமல் கொண்டுவர வழி உண்டா?
– வாசகர், திருநெல்வேலி

தலையாட்டி பொம்மை என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். ஒன்று, அடிப்பாகம் உருண்டையாக, தள்ளினால் ஆடி ஆடி எழுந்து நிற்கும் ராஜா ராணி. இன்னொன்று, பாவாடை, உடம்பு, தலை என்று தனித்தனித் துண்டுகளாக, ஒன்றன்மேல் ஒன்று கம்பி முனையில் உட்கார்ந்து ஆடும் நடனப் பெண். சின்னக் குழந்தைக்கு ராஜா ராணிதான் சரி. நடனப் பெண் அலமாரிக்கு அழகு. குழந்தை கையில் கொடுத்தால் தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம்.

ராஜா ராணியின் ரகசியம் முழுக்க அடியில் இருக்கிறது. கிண்ணம் மாதிரியான அச்சில் களிமண்ணை நிரப்பிக் காயவைப்பார்கள். மேல்பாதி காகிதத்தையும் காகிதக் கூழையும் கொண்டு செய்தது, உள்ளே வெற்றிடம். இரண்டையும் ஒட்டிக் காய்ந்த பிறகு வர்ணம். கீழே கனம், மேலே லேசு. அதனால் எந்தப் பக்கம் தள்ளினாலும் கனம் தன் இடத்துக்குத் திரும்பப் பார்க்கும், பொம்மை எழுந்துகொள்ளும். களிமண் சரியாகக் காயாமல் ஒட்டியிருந்தால் உள்ளே விரிசல் விட்டு ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். உங்கள் பொம்மைக்கு அதுதான் நடந்திருக்க வேண்டும்.

கடையில் கண்ணாடி மேஜை மாதிரி சமமான இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். தலையைப் பிடித்து மேஜையைத் தொடும் வரை சாய்த்து விடுங்கள். நாலு பக்கமும் அப்படிச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் நேராக வந்து நிற்க வேண்டும். லேசாகச் சாய்ந்து நின்றால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். அப்புறம் காதருகே வைத்து மெல்லக் குலுக்குங்கள். உள்ளே எதுவும் உருளும் சத்தம் வரக் கூடாது. இடுப்பில் ஒட்டிய இடத்தை விரலால் தடவினால் பள்ளமோ பிளவோ தட்டக் கூடாது. நான் ஒரு முறை அரண்மனைப் பக்கத்துக் கடை ஒன்றில் பதினான்கு பொம்மைகளைச் சாய்த்துப் பார்த்தேன். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. ‘அக்கா, அப்படிப் பாத்துதான் வாங்கணும்’ என்று அவரே இன்னும் நாலு எடுத்து வைத்தார். ஒரு ஜோடி 350 ரூபாய் கொடுத்தேன். ஏழு வருஷமாக என் டிவி பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது, கதவைச் சாத்தும்போதெல்லாம் ராணி தலையாட்டுவாள்.

இப்போது பிளாஸ்டிக்கிலும் அதே உருவம் வருகிறது. கையில் எடுத்ததுமே தெரிந்துவிடும். அடியில் கனம் இருக்காது, முகம் எல்லாம் ஒரே முகம். கையால் வரைந்த பொம்மையில் இரண்டு ராணிகளின் புருவம் ஒன்றாக இருக்காது. 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்த பொருள். மண்ணிலும் காகிதத்திலும் செய்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கும்போது பிளாஸ்டிக்கை வாங்காதீர்கள் என்று நான் உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

ரயிலுக்கு: பழைய பருத்தித் துண்டு இரண்டு கொண்டுபோங்கள். ஒவ்வொரு பொம்மையையும் தனித்தனியாகச் சுற்றி, ஒரு எவர்சில்வர் தூக்குக்குள் நிற்கவைத்து மூடிவிடுங்கள். தண்ணீர் பாட்டிலை அதே பையில் வைக்காதீர்கள். ஈரம் பட்டால் காகிதம் ஊறி வர்ணம் உரியும். நடனப் பெண்ணை வாங்கினால் துண்டுகளைப் பிரித்துச் சுற்றுங்கள். பிரிக்கும் முன், எது எதன்மேல் உட்காரும் என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர் ஓவியம் அசல்தானா என்று சாதாரண ஆள் கண்டுபிடிக்க முடியுமா? ஒரே அளவுப் படத்துக்கு ஒரு கடையில் சொன்ன விலை இன்னொரு கடையில் மூன்று மடங்காக இருக்கிறது.
– வாசகி, சென்னை

இதில் நான் பட்டிருக்கிறேன், அதனால் சொல்ல உரிமை உண்டு. 2014-இல் ஒரு கடையில் வெண்ணெய்க் கிருஷ்ணன் வாங்கினேன். பளபளவென்று இருந்தது, விலையும் குறைவு. ஒட்டியிருப்பது தங்க ரேக்கா, அதாவது மெல்லிய தங்கத் தகடா என்று கேட்டேன், ஆமாம் என்றார்கள். பில் கேட்கவில்லை. மூன்றாவது மழைக்காலத்தில் கிருஷ்ணனின் கிரீடத்தில் கரும்பச்சையாக ஒரு நிழல் படர்ந்தது. அடுத்த வருஷம் மாலையும் கறுத்தது. அசல் தங்கம் கறுக்காது. கறுத்தது பித்தளை நிறத்து மலிவு ரேக். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது என்பதால் அன்றைக்கு ரொம்ப அழுதேன்.

செய்முறையைத் தெரிந்துகொண்டால் விலை வித்தியாசம் புரியும். பலாப்பலகை போன்ற பலகையின்மேல் துணியை ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் பூசி வழவழப்பாக்குவார்கள். மேலே கோட்டுப் படம். நகை, தூண், மாலை வருகிற இடங்களில் அதே பொடிக் கலவையைக் கெட்டியாக்கி, மேடு எழும்பும்படி வைப்பார்கள். கண்ணாடிக் கற்களைப் பதித்து, மேட்டின்மேல் 22 காரட் தங்க ரேக்கை ஒட்டி, கடைசியில் வர்ணம் தீட்டுவார்கள். முகத்தைத்தான் எல்லாவற்றுக்கும் கடைசியாக வரைவது வழக்கம். எதில் வேண்டுமானாலும் செலவைக் குறைக்கலாம்: பலகைக்குப் பதில் மலிவு அட்டை, கைவேலை மேட்டுக்குப் பதில் அச்சு, தங்கத்துக்குப் பதில் போலி ரேக்.

ஆகவே படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பிறகு வெளிச்சத்துக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். கைவேலை மேட்டில் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் இருக்கும், அச்சு வேலை எல்லாப் பூவும் ஒரே உயரம். கற்களைச் சுற்றி ரேக் இறுக்கமாகப் படிந்திருக்க வேண்டும். முகத்தைப் பாருங்கள், குறிப்பாகக் கண்ணை. அவசரத்தில் செய்தது கண்ணில் தெரிந்துவிடும். ஆனால் ரேக் தங்கமா என்பதை வெறும் கண்ணால் உறுதியாகச் சொல்ல நம்மால் முடியாது. அதனால் பில்லில் ‘22 காரட் தங்க ரேக்’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். முதல்முறை வாங்குகிறவர்கள் காந்திஜி சாலையில் இருக்கும் அரசின் பூம்புகார் விற்பனை நிலையத்துக்குப் போய் விலையையும் வேலையையும் பார்த்துவிட்டு மற்ற கடைகளுக்குப் போவது நல்லது. ஓர் அளவுகோல் கிடைக்கும்.

கையில் இருக்கும் பணத்துக்குப் பெரிய படம் வராது என்றால் உள்ளங்கை அளவில் நல்ல வேலையாகப் பார்த்து வாங்குங்கள். அதுவும் வேண்டாமென்றால் நெட்டி வேலை. குளத்தில் வளரும் நெட்டித் தண்டின் உள்ளே இருக்கும் மெத்தென்ற வெள்ளைச் சோற்றைச் சீவிப் பெரிய கோயில் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். யானைத் தந்தத்தில் செய்தது போலத் தெரியும், தூக்கினால் எடையே இருக்காது. விமானத்தைக் காலையில் பார்த்துவிட்டு வந்து, அதே விமானத்தை நெட்டியில் அடுக்கு அடுக்காக எண்ணிப் பார்ப்பது எனக்கு இன்னமும் பிடித்த வேலை.

பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்கிறார்களே, உண்மையா?
– மாணவர், விழுப்புரம்

விழும். காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே, நன்றாகவே விழும். மேலே முதல் பதிலில் நான் உட்காரச் சொன்ன இடமே அந்த நிழல்தான். நண்பகலில் மட்டும், விமானம் அடி அகன்று மேலே குறுகிப் போவதால், உச்சியின் நிழல் விமானத்தின் மேலேயே விழுந்துவிடும். தஞ்சாவூரில் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் சில நாட்கள் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும். அந்தக் கோயிலின் பெருமைக்கு இந்தக் கதை தேவையே இல்லை, தம்பி.

பைக்கில் தனியாக வருகிறேன். ஒரே நாளில் தஞ்சாவூர், தாராசுரம், கும்பகோணம், கங்கைகொண்ட சோழபுரம் முடித்துவிடலாமா? சுவாமிமலையில் சிலையும் வாங்க வேண்டும்.
– வாசகர், ஓசூர்

வண்டி ஓட்டி முடிக்கலாம். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் சுமார் 40 கிலோமீட்டர், தாராசுரம் அதற்குச் சற்று முன்னால். அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரம் இன்னும் 35 கிலோமீட்டர் போல. ஆனால் எல்லாக் கோயிலும் மத்தியானம் நடை சாத்துவதால் ஏதாவது ஒன்றைப் பூட்டிய சன்னிதியோடுதான் பார்ப்பீர்கள். இரண்டு நாளாகப் போடுங்கள். முதல் நாள் தஞ்சாவூர் மட்டும். இரண்டாம் நாள் விடிகாலையில் தாராசுரம், பிறகு சுவாமிமலை, சாயங்காலம் கங்கைகொண்ட சோழபுரம். சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் வண்டல் மண் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை உருக்கி எடுத்து, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுகிறார்கள். பட்டறையில் கேட்டால் காட்டுவார்கள். அதைப் பார்த்த பிறகு சிலையை வாங்குங்கள். பைக்கில் கனமான சிலை வேண்டாம். பார்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.

ஊர் சுற்றப் பயமில்லை. ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிடத்தான் கூச்சம். பிஸ்கட்டிலேயே நாளை ஓட்டிவிடுகிறேன். நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?
– வாசகி, காரைக்கால்

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. முதல் நாள் நானும் ஒரு பன் வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்தில் நின்றேதான் சாப்பிட்டேன். வாசலில் ‘எத்தனை பேர்?’ என்று கேட்பார்கள் இல்லையா, அந்தக் கேள்விக்குத்தான் பயந்தேன். நாலாவது பயணத்தில்தான் ‘ஒருத்திதான்’ என்று சத்தமாகச் சொன்னேன். அவர் சுவரோரமாக ஃபேனுக்குக் கீழே ஒரு மேஜையைத் துடைத்துக் கொடுத்தார், அவ்வளவுதான் நடந்தது.

கூட்டமான நேரத்துக்கு அரை மணி முன்னதாகப் போங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு மணி சரியாக இருக்கும். பரிமாறுகிறவரை ‘அண்ணே, இன்னைக்கு என்ன கூட்டு?’ என்று கேளுங்கள். ஒரு வார்த்தை பேசிவிட்டால் கூச்சம் பாதி போய்விடும். இலையைப் பார்த்துச் சாப்பிடுங்கள். யார் பார்க்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்க்க வேண்டாம். உண்மையில் யாரும் பார்ப்பதில்லை, அவரவர் ரசத்துக்குக் காத்திருக்கிறார்கள்.

தஞ்சாவூருக்குப் போனால் சாயங்காலம் ஒரு இனிப்புக் கடையில் சந்திரகலா கேளுங்கள். உள்ளே கோவா வைத்து, ஓரத்தை மடித்துப் பின்னிப் பொரித்து, பாகில் போட்டது. சூடாக இருக்கும்போது ஓரம் மொறுமொறுவென்று இருக்கும். பார்சல் வாங்காதீர்கள். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, தட்டில் வைத்துத் தரச் சொல்லிச் சாப்பிடுங்கள். சாப்பிட்ட பிறகு எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.